ஹாலோவீன் மாலை வாசலுக்கு வரும் பிள்ளைகளுக்கு என்ன கொடுப்பது?

நியூஜெர்சியில் தனிவீடு வாங்கிப் புதிதாகக் குடிவந்திருக்கும் ஒரு குடும்பத்தின் கேள்வி இது. அக்டோபர் 31 மாலையில் பிள்ளைகள் வேடம் போட்டு வீடு வீடாக மிட்டாய் கேட்டு வரும் கொண்டாட்டம்தான் ஹாலோவீன். இதுவரை அபார்ட்மென்ட்டில் இருந்ததால் அதைப் பற்றி யோசிக்கவே வேண்டியிருக்கவில்லையாம். இப்போது பக்கத்து வீட்டுக்காரர், "31ஆம் தேதி சாயந்திரம் நிறையப் பிள்ளைகள் வருவார்கள், தயாராக இருங்கள்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். என்ன வாங்குவது, எவ்வளவு வாங்குவது, வீட்டில் செய்த இனிப்பைக் கொடுக்கலாமா, கதவைத் திறக்காவிட்டால் ஏதாவது செய்துவிடுவார்களா, ஏழு வயது மகளை அனுப்பலாமா, முன்பின் தெரியாதவர்கள் கொடுக்கும் மிட்டாயைச் சாப்பிட விடலாமா என்று வரிசையாகக் கேட்டிருக்கிறார்கள்.

அவசரத்துக்கு வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். கடையில் விற்கும், ஒவ்வொன்றும் தனித்தனி உறையில் இருக்கும் சின்ன சாக்லேட்டுகளை வாங்குங்கள். வீட்டு இனிப்பு வேண்டாம். அன்று மாலை வாசல் விளக்கைப் போட்டுவையுங்கள். கொடுக்க விருப்பமில்லை என்றால் அணைத்துவிடுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். மகளைத் தாராளமாக அனுப்புங்கள், நீங்களும் கூடப் போங்கள். விஷ மிட்டாய்க்குப் பயப்பட வேண்டாம், காருக்குப் பயப்படுங்கள். ஏன் இப்படி என்பதற்குத்தான் கொஞ்சம் நீளமாகப் பேச வேண்டியிருக்கிறது. இந்த மாலையின் விதிகள் ஒவ்வொன்றும் இந்த வாசல்களில் எப்போதோ நடந்த ஒரு தகராறிலோ பயத்திலோ பிறந்தவை.

அன்றைய மாலை எப்படிப் போகும் என்று முதலில் பார்க்கலாம். ஐந்தரை மணி வாக்கில் வாண்டுகள் வரும். தேனீ, டைனோசர், பரங்கிக்காய் என்று வேடம் போட்டு, படியேறவே திணறிக்கொண்டு வரும். அப்பாவோ அம்மாவோ நடைபாதையிலேயே நின்றபடி "சொல்லு, சொல்லு" என்று சைகை காட்டுவார்கள். பிள்ளை "ட்ரிக் ஆர் ட்ரீட்" (சேட்டையா, தின்பண்டமா?) என்று சொல்ல வேண்டும். பாதி வாண்டுகள் அதை மறந்துவிட்டுப் பையை மட்டும் நீட்டும். சில உங்கள் வீட்டுக்குள்ளேயே நுழையப் பார்க்கும். நீங்கள் வேடத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, ஒன்றோ இரண்டோ மிட்டாயைப் பையில் போட வேண்டும். என்ன வேடம் என்று புரியாவிட்டால் யூகிக்காதீர்கள், "இன்றைக்கு நீ யார்?" என்று கேட்டுவிடுங்கள். கஷ்டப்பட்டு ஓநாயாக வந்தவனைப் பூனை என்று சொன்னால் முகம் சுருங்கிவிடும். வாய் திறந்து பேசாத பிள்ளையிடம் "அந்த வார்த்தையைச் சொன்னால்தான் தருவேன்" என்று அடம்பிடிக்கவும் கூடாது. பேச்சு வராத பிள்ளைகளும் வேடம் போட்டு வருகிறார்கள்.

இருட்டிய பிறகு பெரிய பிள்ளைகள், நடுநிலைப்பள்ளிக் கூட்டம், பைக்குப் பதில் தலையணை உறையைத் தூக்கிக்கொண்டு வரும். இவர்களுக்கு வேகம்தான் முக்கியம், எந்தத் தெருவில் முழு அளவு சாக்லேட் பார் தருகிறார்கள் என்ற தகவல் பள்ளியிலேயே பரவியிருக்கும். எட்டு, எட்டரைக்கு அடங்கிவிடும். கடைசியில், வேடம் என்று சொல்ல முடியாத ஒரு தொப்பியோடு பதினைந்து வயதுப் பையன்கள் வருவார்கள். "இவ்வளவு பெரிய பையனுக்கு மிட்டாயா" என்று சில பெரியவர்கள் முணுமுணுப்பார்கள். வர்ஜீனியாவின் செசபீக் நகரத்தில் 12 வயதைத் தாண்டியவர்கள் வீடு வீடாகப் போனால் சிறைத் தண்டனை என்று சட்டமே இருந்தது. 2019இல் வயதை 14 ஆக்கி, சிறையை எடுத்துவிட்டார்கள். என்னைக் கேட்டால் அந்த வயதுப் பையன் அந்த ராத்திரியில் உங்கள் வாசலில் வந்து மிட்டாய் கேட்கிறான் என்றால் சந்தோஷமாகக் கொடுங்கள். அவன் போகக்கூடிய மற்ற இடங்களை நினைத்துப் பார்த்தால் இது எவ்வளவோ மேல்.

நேரத்தைப் பல ஊர்களில் நகராட்சியே அறிவித்துவிடும், உங்கள் ஊர் இணையதளத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். தேதியே கூட மாறலாம். 2012இல் சாண்டி புயல் அடித்து மின்கம்பிகள் தெருவில் கிடந்தபோது, உங்கள் மாநிலத்தின் அப்போதைய ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி அரசாணை போட்டு ஹாலோவீனை நவம்பர் 5க்குத் தள்ளிவைத்தார்.

சரி, கதவைத் திறக்காவிட்டால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. "ட்ரிக்" என்ற மிரட்டல் இன்று வெறும் பேச்சு. ஆனால் ஒரு காலத்தில் அது நிஜமான மிரட்டலாகத்தான் இருந்தது. இந்தப் பழக்கத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான்.

வேடம் போட்டு வீடு வீடாகப் போவதை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தவர்கள் 19ஆம் நூற்றாண்டில் குடியேறிய அயர்லாந்து, ஸ்காட்லாந்து மக்கள். ஸ்காட்லாந்தில் பிள்ளைகள் சும்மா கையை நீட்ட முடியாது. ஒரு பாட்டோ கவிதையோ விடுகதையோ சொன்னால்தான் கொட்டையும் ஆப்பிளும் சில்லறையும் கிடைக்கும். ஹாலோவீனுக்கு வாசலில் வைக்கும் விளக்கும் அங்கே டர்னிப் கிழங்கைக் குடைந்து செய்ததுதான், பரங்கிக்காய் அமெரிக்காவில் சேர்ந்துகொண்டது. இங்கிலாந்தில் இன்னொரு வழக்கம் இருந்தது. இறந்தவர்களின் ஆன்மாவுக்காக ஜெபிக்கிறோம் என்று சொல்லி ஏழைகளும் பிள்ளைகளும் வாசலுக்கு வருவார்கள், வீட்டுக்காரர்கள் அதற்கென்றே சுட்ட சிறு கேக்கைக் கொடுப்பார்கள். நம் ஊர்க் கத்தோலிக்கர்களுக்கு இந்த நாட்கள் புதிதல்ல. நவம்பர் 1 எல்லாப் புனிதர்களின் திருநாள், நவம்பர் 2 கல்லறைத் திருநாள். தமிழ்நாட்டில் கல்லறைக்கு வெள்ளையடித்துப் பூவும் மெழுகுவர்த்தியும் வைக்கும் அந்தத் திருநாளும் ஹாலோவீனும் ஒரே காலண்டர் வரிசையில் வருபவை. அக்டோபர் 31 என்பது அந்தப் புனிதர் திருநாளுக்கு முந்தின மாலை.

அமெரிக்காவுக்கு வந்த பிறகு ஜெபம் போய்விட்டது, சேட்டை மட்டும் வளர்ந்தது. வேலிக் கதவைக் கழற்றி மரத்தில் மாட்டுவது, ஜன்னல் கண்ணாடியில் சோப்பைத் தேய்ப்பது, கொல்லைப்புறக் கழிப்பறையைக் கவிழ்ப்பது, மாட்டுவண்டி போன்ற பார வண்டியைக் கழற்றிக் கூரைமேல் ஏற்றித் திரும்பப் பூட்டி நிறுத்துவது என்று கிராமத்துப் பையன்களின் வேலை. கிராமத்தில் சிரித்துக்கொண்டே மறுநாள் வண்டியை இறக்கிவிடலாம். நகரத்தில் அதுவே கார் கண்ணாடியை உடைப்பது, தெருவிளக்கை நொறுக்குவது, தீ வைப்பது என்று முற்றியது. 1930களின் பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில் நிலைமை மோசமாகி, சில நகரங்கள் கொண்டாட்டத்தையே தடை செய்யலாமா என்று யோசித்தன. பதிலாகப் பெரியவர்கள் ஒரு பேரத்துக்கு வந்தார்கள்: உள்ளே வா, தின்பண்டம் வாங்கிக்கொள், வீட்டை விட்டுவிடு.

அந்தப் பேரத்தின் வாசகம் கனடாவில் அதற்கு முன்பே புழங்கியிருக்கிறது. ஆல்பர்ட்டா மாகாணத்தில் பிளாக்கி என்ற சின்ன ஊரிலிருந்து 1927இல் வந்த ஒரு பத்திரிகைச் செய்தி, பொடியன்கள் முன்வாசலிலும் பின்வாசலிலும் நின்று "ட்ரிக் ஆர் ட்ரீட்" என்று தின்பண்டம் கேட்டதையும், வீட்டுக்காரர்கள் மகிழ்ச்சியோடு கொடுத்து அனுப்பியதையும் சொல்கிறது. அமெரிக்காவில் இது பரவத் தொடங்கிய நேரத்தில் போர் வந்து, 1942இல் சர்க்கரைக்கு ரேஷன் வந்துவிட்டது. 1947இல் ரேஷன் நீங்கியது. அதே சமயத்தில் போரிலிருந்து திரும்பியவர்களுக்காகப் புறநகர்களில் வரிசை வரிசையாகத் தனிவீடுகள் எழும்பின, ஒவ்வொரு வீட்டிலும் பிள்ளைகள். பத்து வருடத்துக்குள் நாடு முழுவதும் ஒரே மாதிரி நடக்கத் தொடங்கிவிட்டது. பழமையான சடங்கு மாதிரித் தோன்றினாலும், இன்று நாம் பார்க்கும் வடிவத்துக்கு வயது நூறுகூட ஆகவில்லை.

சேட்டை முழுக்க ஒழிந்துவிட்டதா என்றால், நியூஜெர்சியில் அது ஒரு நாள் முன்னால் நகர்ந்துவிட்டது. அக்டோபர் 30 ராத்திரியை அங்கே மிஸ்சிஃப் நைட் (சேட்டை இரவு) என்பார்கள். மரத்தின்மேல் டாய்லெட் பேப்பர் சுருளை வீசுவது, முட்டை எறிவது எல்லாம் அன்றைக்குத்தான். (டெட்ராய்ட் நகரத்தில் இதே இரவு 1980களில் தீவைப்பு இரவாகவே மாறி, 1984இல் 800க்கும் மேற்பட்ட தீ விபத்துகள் நடந்தன.) ஆகவே 30ஆம் தேதி ராத்திரி காரை கராஜுக்குள் விட்டுவிடுங்கள், வாசலில் வைத்த பரங்கிக்காயையும் உள்ளே எடுத்துவைத்துவிடுங்கள். போதும்.

வாசல் விளக்கு விஷயத்தில் நமக்கு மட்டும் ஒரு சின்னக் குழப்பம். 2024இல் தீபாவளியும் அக்டோபர் 31ஆம் தேதியே வந்தது. அகல் விளக்கும் சரவிளக்கும் வாசலில் எரிந்தால் பிள்ளைகளுக்கு அது "வா வா" என்ற அழைப்புதான். பூஜை நடக்கும்போது காலிங் பெல் அடித்துக்கொண்டே இருக்கும். அப்படி இரண்டும் சேர்ந்து வரும் வருடத்தில், ஒரு கிண்ணத்தில் சாக்லேட்டைப் போட்டு "ஆளுக்கு இரண்டு" என்று எழுதி வாசல் நாற்காலியில் வைத்துவிடுங்கள். முதலில் வரும் நான்கு பேர் இரண்டு எடுப்பார்கள், ஐந்தாவது ஆள் கிண்ணத்தைக் கவிழ்த்துக்கொள்வான். அதற்குத் தயாராக இருக்க வேண்டியதுதான்.

இனி வீட்டு இனிப்பு. தீபாவளிக்குச் செய்த மைசூர்பாகு, அதிரசம், தேங்காய் பர்பி கொடுக்கலாமே என்று தோன்றும். தெரிந்த குடும்பத்துக்குக் கொடுங்கள், அவர்கள் கொண்டாடுவார்கள். முகம் தெரியாத பிள்ளையின் பையில் போட்டால் அது வீட்டுக்குப் போனதும் குப்பைக்குத்தான் போகும். இது நம் இனிப்பின்மேல் உள்ள அருவருப்பு அல்ல, பக்கத்துத் தெரு அமெரிக்கப் பாட்டி சுட்ட குக்கீயாக இருந்தாலும் கதி அதுதான். 1950களில் பாப்கார்ன் உருண்டை, சர்க்கரைப்பாகில் முக்கிய ஆப்பிள், வீட்டு குக்கீ எல்லாம் சாதாரணமாகக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அதை நிறுத்தியது ஒரு பயம்.

அந்தப் பயத்தின் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது. 1974 ஹாலோவீன் இரவில் டெக்சாஸ் மாநிலத்தில் எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் சயனைடு கலந்த மிட்டாய்ப் பொடியைத் தின்று இறந்தான். யாரோ ஒரு வீட்டில் கொடுத்தது என்று அப்பா ரொனால்ட் ஓ'பிரையன் சொன்னார். விசாரணையில் வெளிவந்தது வேறு: கடனில் மூழ்கியிருந்த அவரே பிள்ளைகள் பேரில் காப்பீடு எடுத்துவிட்டு, சொந்த மகனுக்கு விஷம் கொடுத்திருக்கிறார். சந்தேகம் வராதிருக்க மகளுக்கும் வேறு பிள்ளைகளுக்கும் அதே பொடியைக் கொடுத்திருந்தார். நல்லகாலம், அவர்கள் யாரும் தின்னவில்லை. 1984இல் அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. ஆனால் மக்கள் மனதில் நின்றது அப்பா அல்ல, "தெரியாத வீட்டு மிட்டாய்". பிறகு 1982இல், ஹாலோவீனுக்கு ஒரு மாதம் முன்பு, சிகாகோ பகுதியில் டைலனால் என்ற வலிநிவாரணி மாத்திரைக் குப்பிகளில் யாரோ சயனைடு கலந்து 7 பேர் இறந்தார்கள். அந்த வருடம் நாடே நடுங்கியது. மிட்டாய்ப் பையை மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்துத் தரும் ஏற்பாடெல்லாம் அந்தக் காலத்துப் பயத்தில் வந்ததுதான்.

ஜோயல் பெஸ்ட் என்ற சமூகவியலாளர், டெலவேர் பல்கலைக்கழகப் பேராசிரியர், 1958 முதல் வந்த பத்திரிகைச் செய்திகளைத் தோண்டிப் பார்த்தார். தெரியாத ஒருவர், வாசலுக்கு வந்த பிள்ளைகளுக்குக் கண்மூடித்தனமாக விஷம் வைத்துக் கொடுத்து ஒரு பிள்ளை இறந்ததாக உறுதியான நிகழ்வு ஒன்றுகூட அவருக்குக் கிடைக்கவில்லை. தின்பண்டத்துக்குள் ஊசி, பிளேடு இருந்ததாக வந்த புகார்களில் பெரும்பாலானவை புரளி, அவற்றில் பலவும் பிள்ளைகளே செய்த வேலை. இப்போதும் ஒவ்வோர் அக்டோபரிலும் புதிய வடிவத்தில் இந்தப் பயம் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும். வீட்டுக்கு வந்ததும் பையை மேசையில் கொட்டி, உறை பிரிந்திருப்பதை எடுத்துப் போடுங்கள். அதற்குமேல் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

எதை வாங்குவது? மீந்தால் நீங்கள் எதைச் சாப்பிடுவீர்களோ அதை. அக்டோபர் தொடக்கத்திலேயே வாங்கினால் 31க்குள் பாதி காலியாகிவிடும் என்பதால் கடைசி வாரத்தில் வாங்குங்கள். காஸ்ட்கோவில் கிடைக்கும் 150 உருப்படிப் பை பல வீடுகளுக்குப் போதும், ஆனால் தெருவுக்குத் தெரு வித்தியாசம் மிக அதிகம். ஒரு தெருவில் இருபது பேர், நான்கு தெரு தள்ளி இருநூறு பேர். அந்தப் பக்கத்து வீட்டுக்காரரையே கேளுங்கள். அமெரிக்கர்கள் ஹாலோவீன் மிட்டாய்க்கு மட்டும் 2023இல் 360 கோடி டாலர் செலவிடுவார்கள் என்று அங்குள்ள சில்லறை வணிகர் கூட்டமைப்பு மதிப்பிட்டது. அதில் உங்கள் பங்கு முப்பது நாற்பது டாலரைத் தாண்டத் தேவையில்லை. உலர்திராட்சை, பல்துலக்கி கொடுக்கும் வீடுகளும் உண்டு. நல்ல எண்ணம்தான். பிள்ளைகள் அந்த வீட்டை வருடக்கணக்கில் ஞாபகம் வைத்திருப்பார்கள், பாசத்தோடு அல்ல.

நிலக்கடலை ஒவ்வாமை அங்கே பெரிய விஷயம். நீலப்பச்சை வண்ணம் பூசிய பரங்கிக்காய் ஒரு வீட்டு வாசலில் இருந்தால், அங்கே தின்பண்டம் அல்லாத பொருளும் கிடைக்கும் என்று அர்த்தம். 2014இல் நாடு தழுவிய இயக்கமாக ஆன ஏற்பாடு இது. ஒரு தனிக் கிண்ணத்தில் ஸ்டிக்கர், பென்சில், குட்டி டார்ச் போட்டுவைத்தால் உங்கள் செலவு ஐந்தாறு டாலர்தான். ஒவ்வாமையுள்ள பிள்ளையின் தாய் உங்களை மறக்க மாட்டாள்.

உங்கள் மகள் கொண்டுவரும் பையைப் பற்றி, நீங்கள் சைவமாக இருந்தால், ஒன்று சொல்ல வேண்டும். சாக்லேட்டைவிட மென்று தின்னும் மிட்டாய்களில்தான் சிக்கல். கம்மி பேர், மார்ஷ்மெல்லோ, அமெரிக்க ஸ்டார்பர்ஸ்ட், பொதுவாக விற்கும் கேண்டி கார்ன் இவற்றிலெல்லாம் ஜெலட்டின் இருக்கும், அதாவது மாடு அல்லது பன்றியின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது. சவர் பேட்ச் கிட்ஸ், ஸ்கிட்டில்ஸ் இரண்டிலும் ஜெலட்டின் இல்லை. முட்டையும் கூடாது என்றால் ஸ்னிக்கர்ஸ், மில்கிவே, த்ரீ மஸ்கெட்டியர்ஸ் மூன்றின் உள்ளேயும் முட்டை வெள்ளைக்கரு உண்டு. செய்முறை மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் உறையின் பின்பக்கத்தை ஒருமுறை படித்துவிடுங்கள். சின்ன உருப்படியில் பட்டியல் அச்சிட்டிருக்காது, கூகுளில் பார்க்க வேண்டியிருக்கும். பிள்ளையின் கையிலிருந்து பிடுங்காமல், "உனக்கு ஆகாததைக் கொடு, அதற்குப் பதில் இதை எடுத்துக்கொள்" என்று மாற்றிக்கொள்ளுங்கள். பெரும்பாலான வீடுகளில் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து தங்களுக்குள்ளேயே இந்த வியாபாரத்தை நடத்திக்கொள்வார்கள். ஒரு ரீஸஸ் சாக்லேட் கோப்பைக்கு இரண்டு லாலிபாப் என்ற கணக்கில் பேரம் ஓடும்.

காருக்குப் பயப்படுங்கள் என்றேனே, அதற்கு ஆதாரம் இருக்கிறது. 1975 முதல் 2016 வரையிலான அமெரிக்க விபத்துக் கணக்கைப் பார்த்த ஓர் ஆய்வில், ஹாலோவீன் மாலையில் பாதசாரிகள் வண்டி மோதி இறக்கும் அபாயம் முன்பின் வாரத்து மாலைகளைவிட 43 சதவீதம் அதிகம் என்று தெரிந்தது. சின்னப் பிள்ளைகளுக்கு அது இன்னும் பல மடங்கு. காரணம் எளிது. கறுப்பு வேடம், கண்ணை மறைக்கும் முகமூடி, எதிர் வீட்டில் நல்ல மிட்டாய் என்று கேட்டதும் நிறுத்தியிருக்கும் இரண்டு கார்களுக்கு நடுவே பாய்ந்து ஓடுவது, அதே நேரத்தில் ஆபீசிலிருந்து திரும்பும் வண்டிகள். நியூஜெர்சியில் அன்று சூரியன் ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் மறைந்துவிடும். 2006 வரை இன்னும் மோசம்: அக்டோபர் கடைசி ஞாயிறே கடிகாரத்தைப் பின்னால் தள்ளிவிடுவார்கள், ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும். இப்போது அது நவம்பர் முதல் ஞாயிறு. மிட்டாய் வியாபாரிகள் நெடுநாளாகக் கேட்டுவந்த மாற்றம் இது. லாபம் அவர்களுக்கு என்றாலும் வெளிச்சம் பிள்ளைகளுக்கும்தான் கிடைத்தது.

மகளுக்கு முகமூடிக்குப் பதில் முகத்தில் வண்ணம் பூசுங்கள். கவுன் தரையில் புரளாமல் மடித்துத் தையுங்கள். முதுகில் ஒளி பிரதிபலிக்கும் டேப் ஒரு துண்டு ஒட்டி, கையில் டார்ச் கொடுங்கள். குளிரும், உள்ளே ஒரு ஸ்வெட்டர் போடும் அளவுக்கு வேடம் தொளதொளப்பாக இருக்கட்டும். இளவரசி கவுன்மேல் ஜாக்கெட் போட மறுத்து அழும் பிள்ளைகளை ஒவ்வொரு வருடமும் தெருவில் பார்க்கலாம். தெருவின் ஒரு பக்கத்தை முழுவதும் முடித்துவிட்டு மறுபக்கம் கடப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் மகளோடு போகட்டும், ஒருவர் வீட்டில் நின்று கொடுக்கட்டும். ஆபீஸ் போகும் ஆள் அன்றைக்கு நான்கு மணிக்கே கிளம்பிவிடுவது நல்லது. ஐந்தரைக்கு மேல் உங்கள் தெருவுக்குள் கார் ஓட்டாமல் இருப்பதே நீங்கள் ஊருக்குச் செய்யும் உபகாரம்.

இது நம் பண்டிகை இல்லையே, மதம் சார்ந்ததா என்றும் சிலர் தயங்குவார்கள். தெருவில் நடப்பதில் எந்த வழிபாடும் இல்லை. ஆனால் பேய் வேடம் பிடிக்காத கிறிஸ்தவக் குடும்பங்களும் அங்கே உண்டு. அவர்களுக்காகத் தேவாலய வாகன நிறுத்தத்தில் கார் டிக்கிகளைத் திறந்துவைத்து அதிலிருந்து மிட்டாய் கொடுக்கும் ஏற்பாடு நடக்கும். வளைகுடாவிலிருந்து அமெரிக்கா வந்த தமிழ்க் குடும்பங்களுக்கு இது விளங்கச் சிரமமே இராது: குவைத்திலும் கத்தாரிலும் ரமலான் நடுவில் பிள்ளைகள் துணிப்பையை மாட்டிக்கொண்டு பாடியபடி வீடு வீடாகக் கொட்டையும் மிட்டாயும் வாங்குவதை அவர்கள் பார்த்திருப்பார்கள்.

ஒரே ஒரு யோசனை, கேட்காவிட்டாலும் சொல்கிறேன். அயோவா மாநிலத்தில் டெ மொயின் நகரத்தில் பிள்ளைகள் நெடுங்காலம் 30ஆம் தேதியே வந்துகொண்டிருந்தார்கள், ஆளுக்கொரு ஜோக் சொல்லித்தான் மிட்டாய் வாங்குவார்கள், பழைய ஸ்காட்லாந்து வழக்கத்தின் சாயலில். உங்கள் தெருவில் அதைக் கட்டாயமாக்க முடியாது. ஆனால் கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளிடம் "ஒரு ஜோக் சொன்னால் இரண்டு" என்று சொல்லிப் பாருங்கள். சொல்லத் தெரியாமல் நெளிபவனுக்கும் இரண்டு கொடுத்துவிடுங்கள்.

மீந்துபோனதை மறுநாள் ஆபீஸ் பேன்ட்ரியில் வையுங்கள். எல்லாரும் அதையேதான் செய்வார்கள் என்பதால் சீக்கிரம் போய் வையுங்கள். சில பல் மருத்துவர்கள் மிட்டாயை எடைக்கு வாங்கிக்கொண்டு பிள்ளைக்குக் காசு கொடுப்பார்கள், சேரும் மிட்டாயை ராணுவ வீரர்களுக்கு அனுப்புவதும் உண்டு. நவம்பர் 1 காலை கடையில் எல்லாம் பாதி விலைக்கு வரும். அடுத்த வருடத்துக்கு ஆகும் என்று வாங்கிச் சேர்க்க வேண்டாம், சாக்லேட் அதற்குள் வெளுத்துப் பழசாகிவிடும். வேடத் துணி மட்டும் வாங்கலாம், மகளுக்கு இரண்டு அளவு பெரியதாகப் பார்த்து.